எதிர்வீட்டு டிவியில் அக்காவின் எழுத்துகள்

பள்ளியில் வினாடி வினா நடத்தும் பொறுப்பு வருஷா வருஷம் என் தலையில்தான் விழும். நான் கடலூரில் கணினி ஆசிரியை. பாடப்புத்தகத்தில் உள்ளதையே கேட்டால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றிய துணுக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் பரவலாக விற்ற வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாக சுவிட்சுகளும் சின்னச் சின்ன விளக்குகளும் மட்டும். அதன் பக்கத்தில் ரேடியோவை வைத்தால் இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சலையே ஏற்றி இறக்கிப் பாட்டாக வாசித்துக் காட்டினார் ஒருவர். முதல் மவுஸ் மரத்தால் செய்தது. இந்த மாதிரி.

இந்த வருஷம் ஒரு கேள்வி வைத்திருந்தேன். ஆரம்பகால வீட்டுக் கம்ப்யூட்டர்களில் புரோகிராமைச் சேமித்து வைக்க வீட்டிலிருந்த எந்தப் பொருளைப் பயன்படுத்தினார்கள்? ஒரு பையன் பீரோ என்றான். கூடமே சிரித்தது. டேப் ரெக்கார்டர் என்று நான் விடை சொன்னதும் அதற்கும் சிரித்தார்கள்.

"மிஸ், பாட்டு கேப்பாங்களே, அதா?"

"அதேதான்."

"நீங்க பாத்துருக்கீங்களா மிஸ்?"

"பாத்துருக்கேன். எங்க அக்கா வச்சிருந்தா."

 கையிலிருந்த தாளைச் சரிசெய்துவிட்டு அடுத்த கேள்வியைப் படித்தேன்.

எங்கள் வீடு அப்போது சிதம்பரத்தில், கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அப்பா உரக்கடை வைத்திருந்தார். அக்கா கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைவிட இரண்டு வயது சின்னவள், பிளஸ் டூ. சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஒருமுறை ஊருக்கு வந்தபோது, சென்ட், சோப்பு, துணிமணிகளோடு ஒரு அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தார். உள்ளே கறுப்பாக, ஒரு பெரிய சாக்லேட் பெட்டி அளவுக்கு, ரப்பர் பொத்தான்கள் வைத்த ஒரு பலகை. "புள்ளைங்களுக்கு கேம் ஆடறதுன்னு கடைக்காரன் சொல்லிக் குடுத்தான். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே பாத்துக்கங்க" என்றார். கூடவே ஒரு கையேடும் இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகளும் இருந்தன.

அந்தப் பலகைதான் கம்ப்யூட்டர் என்பது கையேட்டைப் படித்த பிறகு அக்காவுக்குத் தெரிந்தது. திரைக்கு டிவி வேண்டும். சேமிக்க டேப் ரெக்கார்டர் வேண்டும். ரெக்கார்டர் எங்கள் வீட்டில் இருந்தது. டிவி இல்லை. உரக்கடைக்கு அடுத்திருந்த கடைக்காரரின் பிளாக் அண்ட் ஒயிட் டிவியில் மாட்டிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாகக் கொட்டியதே தவிர ஒன்றும் வரவில்லை. கடைசியில் எதிர்வீட்டு அத்தையிடம் போய் நின்றோம். அத்தையின் மகனும் சிங்கப்பூரில்தான் இருந்தான். அவன் வாங்கி அனுப்பிய கலர் டிவி கூடத்தில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். அந்த டிவியில் அது வேலை செய்தது. வெள்ளைத் திரையின் அடியில் ஒரு வரி வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வளையல் உடைந்துவிடும் போல இருந்தது.

"வெடிக்காதுல்ல?" என்று கேட்டார் அத்தை.

"வெடிக்காது அத்தை."

"அப்பன்னா மத்தியானத்துல வந்து வச்சிக்கங்க. சாயங்காலம் நிகழ்ச்சி ஆரம்பிச்சிட்டா எனக்கு வேணும்."

அப்போதெல்லாம் டிவியில் மாலையில்தான் நிகழ்ச்சிகள் தொடங்கும். மதியம் முழுவதும் அந்தப் பெட்டி சும்மா கிடக்கும். அக்காவுக்குக் காலையோடு வகுப்பு முடிந்துவிடும். அவள் வந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள். சனி ஞாயிறுகளில் நானும் போவேன். பத்திரிகையில் பக்கம் பக்கமாக அச்சடித்திருந்த புரோகிராமை நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவள் தட்டுவாள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் ஓடாது. எல்லாம் தட்டி முடிக்கும் நேரத்தில் கரண்ட் போய்விடும். போனால் ஒன்றும் மிஞ்சாது. முதலிலிருந்து தட்ட வேண்டும். "இந்த இ.பி. காரங்களுக்கு எப்படித்தான் தெரியுதோ" என்று திட்டிவிட்டு, கரண்ட் வரும்வரை அத்தைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுப்பாள். வந்ததும் மறுபடி உட்காருவாள்.

முடிந்ததை கேசட்டில் ஏற்றும்போது ரெக்கார்டரிலிருந்து ஒரு கிறீச் சத்தம் வரும். காது கூசும். அந்தச் சத்தத்துக்குள்தான் நாங்கள் தட்டியதெல்லாம் இருக்கிறது என்று அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. மறுநாள் அதே கேசட்டைப் போட்டாள். டிவியின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின, சில நிமிஷம் கழித்து முந்தின நாள் புரோகிராம் அப்படியே வந்து நின்றது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தமிழ் எழுத்து விஷயம் எப்படித் தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அத்தைதான் கேட்டிருக்க வேண்டும், "என் பேர எழுதச் சொல்லேன், தமிழ்ல வருமா?" என்று. வராது. அதில் ஆங்கிலம் மட்டும்தான். ஆனால் அந்த மெஷினில் ஒரு எழுத்து என்பது எட்டுக்கு எட்டு கட்டங்கள்தான் என்றும், எந்தக் கட்டம் கறுப்பு, எந்தக் கட்டம் வெள்ளை என்று எண்களால் சொல்லிவிட்டால் நாமே புதிய எழுத்து செய்துகொள்ளலாம் என்றும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. அக்கா கிராஃப் தாள் வாங்கிவந்து வரைய ஆரம்பித்தாள். 'ப' சுலபமாக வந்தது. 'ட' அதைவிடச் சுலபம். 'அ'வின் வளைவு நாலைந்து நாள் பிடித்தது. எட்டுக் கட்டத்துக்குள் 'ண' அடங்கவே இல்லை. மூன்று சுழி எங்கே அடங்கும்? பிறகு இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே எழுத்தாக்கினாள். துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக வைத்துக்கொண்டால் போதும், இருநூற்று நாற்பத்தேழையும் வரைய வேண்டியதில்லை என்று ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது கண்டுபிடித்தாள். தலையில் துண்டோடு வந்து என்னிடம் அதைச் சொன்னாள். உகர ஊகார வரிசைதான் அவளை அழவைத்தது. கு, சு, டு, து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

"நம்ம எழுத்த எவன்டி இப்பிடி வச்சான்?" என்பாள். மறுநாள் கல்லூரியிலிருந்து வரும்போதே கையில் 'து' வரைந்துகொண்டு வருவாள்.

பல மாதங்கள் ஆயின. ஒரு மதியம் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேசட்டைப் போட்டு, ரப்பர் பொத்தான்களைத் தட்டினாள். திரையில் அத்தையின் பெயர் தமிழில் வந்தது. எழுத்துகள் கொஞ்சம் முண்டும் முடிச்சுமாக, பின்னல் துணியில் போட்ட கோலம் போலத்தான் இருந்தன. ஆனால் தமிழ். அத்தை எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். "என் பேர நான் டிவில பாப்பேன்னு நெனைக்கவேயில்ல பாப்பா" என்றார். அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்த அப்பாவையும் கூட்டிப்போய்க் காட்டினோம். அப்பா நின்று பார்த்தார். "உரம் வெல என்னான்னு இதுல போட்டு வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அக்கா, போடலாம் என்றாள். அப்பாவுக்கு உள்ளுக்குள் பெருமை இருந்தது. அடுத்த வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அப்படிக் கேள்விப்பட்டவர்களில் ஒருவர் கடலூரிலிருந்து வரும் உர ஏஜென்ட். அவருடைய மருமகன் கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரிடமும் இதே மெஷின்கள் இரண்டு இருந்தனவாம். தமிழில் எழுத்து வருகிறது என்றால் பள்ளிக்கூடங்களுக்கே கொண்டுபோய்க் காட்டலாம், பொண்ணை அழைத்து வாருங்கள், சரியாக இருந்தால் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

கிளம்பும் நாளில் அக்கா மெஷின், ஒயர், ரெக்கார்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கினாள். அப்பா பார்த்துவிட்டு, "அங்கதான் எல்லாம் இருக்குன்னு சொன்னாரே, எதுக்கு பஸ்ல இதெல்லாம் தூக்கிகிட்டு? கேசட்ட மட்டும் எடு" என்றார். அக்கா ரெக்கார்டரையாவது எடுத்துக்கொள்கிறேன் என்றாள். "அவுங்ககிட்ட இல்லாத டேப் ரெக்கார்டரா?" என்று அப்பா சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூட்டமான பஸ்ஸில் மகள் சுமையோடு நிற்க வேண்டாம் என்றுதான். அக்காவும் சிரித்துவிட்டுப் பையை வைத்துவிட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். முட்லூர் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, கடலூர் வரும்வரை அக்கா கேசட்டை மடியில் கைக்குட்டைக்குள் வைத்திருந்தாள், வெயில் படக்கூடாது என்று. அவள் அன்றைக்குக் கட்டியிருந்தது அம்மாவின் அரக்குப் பட்டு. வேலைக்குப் போகிற இடத்துக்கு எதற்குப் பட்டு என்று நான் கேலி செய்தேன்.

சென்டர் ஒரு மாடியில் இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஏ.சி. அறை. அந்த மருமகன் மரியாதையானவர். எங்களுக்குக் குடிக்க கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். டிவி, அதே கறுப்புப் பலகை, பக்கத்தில் எங்களுடையதைவிடப் பெரிய, பளபளப்பான ரெக்கார்டர். அக்கா கேசட்டைப் போட்டாள். கிறீச் சத்தம் வந்தது. ஓரத்துக் கோடுகள் ஓடின. பிறகு நின்றுவிட்டது. ஏற்றுவதில் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

திரும்பச் சுற்றிப் போட்டாள். அதே வரி. சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். அவரும் முயன்று பார்த்தார். இன்னொரு மெஷினில் மாட்டிப் பார்த்தார். கேசட்டின் மறுபக்கத்தில் அக்கா இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்தாள், அதையும் போட்டோம். வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் குளிரிலும் அவள் கழுத்து வேர்த்திருந்தது.

"கேசட்டு கெட்டுப்போயிருக்கும்மா. பரவால்ல, இன்னொரு நாளு வாங்க" என்றார் அவர்.

"நேத்து ஓடிச்சு சார்" என்றாள் அக்கா.

"ஓடியிருக்கும்" என்றார். நம்பவில்லை என்று காட்டிக்கொள்ளாமல் சொன்னார். அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்பா எழுந்து, "வரோம் தம்பி, சிரமம் குடுத்துட்டோம்" என்று கைகூப்பினார். பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டைக்கூட மாற்றாமல் அக்கா எதிர்வீட்டுக்கு ஓடினாள். எங்கள் ரெக்கார்டரில் கேசட் முதல் தடவையே ஏறியது. அத்தையின் பெயர் திரையில் நின்றது. அக்கா திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"கேசட்டு நல்லாத்தான்பா இருக்கு. அவுங்க ரெக்கார்டர்லதான் என்னமோ ஒத்துவரல. நம்மளத எடுத்துகிட்டு இன்னொரு தடவ போலாம்."

"ஒரு தடவ போயி அந்தப் புள்ளையோட நேரத்த வீணாக்கியாச்சு. மறுபடி போயி நிக்கணுமா?"

"இல்லப்பா, இந்தத் தடவ கண்டிப்பா..."

"பாக்கலாம் பாப்பா. அறுவட முடியட்டும், கடையில வேல ஜாஸ்தியா இருக்கு."

அறுவடை முடிந்தது. அக்கா இரண்டு மூன்று தடவை கேட்டாள். அப்பா ஒருபோதும் முடியாது என்று சொல்லவில்லை. பாக்கலாம் என்பார். இதற்கிடையில் டிவியில் மதியமும் நிகழ்ச்சிகள் போட ஆரம்பித்தார்கள். அத்தை சங்கடத்தோடுதான் சொன்னார், "என்னா பண்றது பாப்பா, தெருவே இங்கதான் வந்து உக்காருது" என்று. அக்காவுக்கு மிஞ்சியது எப்போதாவது கிடைக்கும் ஒரு மணி, அரை மணி. பிறகு காட்டுமன்னார்கோயிலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ரைஸ் மில் வைத்திருந்த குடும்பம், மாப்பிள்ளை நல்லவர். அக்கா மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதா என்று நான் அன்று கேட்கவும் இல்லை. எனக்குப் புதுப் பாவாடை தாவணி கிடைக்கும் சந்தோஷம்.

கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் பிரமாதமாக வாசித்தார். அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்ட மாமா ஒருவர், எங்கள் வீட்டு ரெக்கார்டரையும் பக்கத்திலிருந்த கேசட்டுகளையும் எடுத்து வந்திருந்தார். அதில் ஒன்றைப் போட்டுக் கேட்டிருக்கிறார், வெறும் இரைச்சல். வீணான கேசட் என்று அதன் மேலேயே பதிவு செய்துவிட்டார், இரண்டு பக்கமும். மறுவீட்டுக்கு வந்தபோதுதான் அக்காவுக்கு இது தெரிந்தது. கேசட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் நாதஸ்வரம் கேட்டாள். "நல்லாத்தான் வாசிச்சிருக்காரு" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். கிராஃப் தாள்கள் பரணில் மெஷினோடு கிடந்தன. சில வருஷம் கழித்து வந்த பெருமழையில் ஓடு ஒழுகி, எல்லாம் ஊறி, அம்மா அள்ளிக் கொட்டியபோது நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

படித்தது கம்ப்யூட்டர். எனக்கு அப்பா ஒரு வார்த்தையும் தடை சொல்லவில்லை. காலம் அதற்குள் அவ்வளவு மாறியிருந்தது. அக்காவுக்கு இருந்த மண்டை எனக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும், அவளுக்குத் தள்ளிப்போட்டுக்கொண்டே போன கடலூருக்கு நான் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். பிறகு அங்கேயே குடியேறினேன்.

வினாடி வினாவுக்குத் துணுக்கு தேடும் பழக்கத்தால்தான், அன்று கேசட் ஏறாமல் போன காரணம் எனக்குக் கிடைத்தது. உலகம் முழுக்க அந்த மெஷின் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பட்ட பாடுதான் அது. ஒரு ரெக்கார்டரில் பதிந்தது இன்னொன்றில் பல சமயம் ஏறாது. நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட் ஒவ்வொரு ரெக்கார்டரிலும் ஒரு மயிரிழை வேறு மாதிரி சாய்ந்திருக்கும். அதன் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி உண்டு. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் திருப்பினால் போதும், ஏறிவிடும். வெளிநாடுகளில் பள்ளிப் பிள்ளைகள்கூட இதைச் செய்து பழகியிருந்தார்கள். சில ஊர்களில் வானொலியிலேயே புரோகிராமின் கிறீச் சத்தத்தை ஒலிபரப்புவார்களாம். வீடுகளில் பதிவு செய்துகொள்வார்களாம். மஞ்சக்குப்பத்து மாடியில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அந்தத் திருகாணி தெரியாது.

அந்த வினாடி வினா முடிந்த வாரம் அக்காவைப் பார்க்கக் காட்டுமன்னார்கோயில் போனேன். மில்லை அவள் மகன் பார்த்துக்கொள்கிறான். அக்கா மதியங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். அன்று பிள்ளைகள் போன பிறகு திருகாணி விஷயத்தை அவளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூடக் கேட்டாள்.

"அன்னிக்கு அது தெரிஞ்சிருந்தா, இல்ல நம்ம ரெக்கார்டர எடுத்துட்டாவது போயிருந்தா..." என்றேன்.

"போயிருந்தா ஓடியிருக்கும்."

"அதத்தான்க்கா சொல்றேன்."

"ஓடியிருந்தா மட்டும் அப்பா தெனம் என்னைய கடலூருக்கு பஸ்ல அனுப்பியிருப்பாருன்னா நெனைக்கிற?" அவள் குரலில் கோபம் இல்லை. "கேசட்டு ஓடலைங்கறதுல அவருக்கு ஒரு நிம்மதிடி. திரும்பி வரப்ப அவரு மொகத்த நான் பாத்துகிட்டே வந்தேன். நீ தூங்கிட்ட."

நான் தூங்கினேனா? யாரும் பேசவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

"ஒனக்கு வருத்தமா இல்லியாக்கா?"

"இல்லாம இருக்குமா? ஆனா அந்த வேலைக்காக இல்ல." பிள்ளைகள் உட்கார்ந்த பாயைச் சுருட்டினாள். "நானே இன்னொரு தடவ போயிருக்கலாம். காலேஜிக்குன்னு கெளம்பி பஸ் ஏறியிருந்தா யாருக்குத் தெரியும்? பையில எல்லாத்தையும் எடுத்து வச்சேன்கூட. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். நின்னேன், திரும்பி வந்துட்டேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும். எப்போது என்று கேட்டேன். நிச்சயத்துக்கு முந்தின வாரம் என்றாள்.

அந்த மாதிரி பழைய மெஷின்களை இப்போது இணையத்தில் விற்கிறார்கள், ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

"வாங்கி என்னா பண்றது? என் போன்லயே தமிழ் வருது" என்றாள். கீழே கிடந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அந்த சென்டர்ல அப்பறமா யாராச்சும் தமிழ்ல பண்ணாங்களா?"

"தெரியலக்கா."

"நீ கடலூர்லதான இருக்க, கேட்டதில்லியா?"

கேட்டதில்லை. அந்த மாடியில் இப்போது துணிக்கடை இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வழியாகப் போகிறேன். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"பண்ணியிருப்பாங்க" என்றாள் அக்கா. காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள்.